உப்புக் கை

விடிந்ததும் சாணி அள்ளப் போனேன். கன்று தரையில் கிடந்தது. கிடேரி. நெற்றியில் வெள்ளை. உடம்பில் ஈரம் காயவில்லை.

"ஏங்க, போட்டுடிச்சிங்க! கெடேரி!"

வீட்டுக்காரர் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தார்.

பசுவுக்கு இது தலையீத்து. அதுவும் எங்கள் கொட்டகையில் பிறந்ததுதான். பிறந்த அன்றே அதன் தாய் செத்துவிட்டது. நான்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். எங்கள் ஊர் போலகத்தில் வயல் வேலை முடித்து வந்ததும் வியர்வைக் கையை நீட்டுவேன். உப்புக்காக நக்கும். பெரிய மாடான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கன்று கீழே கிடந்தது. பசு அதைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தியது. என் பக்கமே கயிற்றை இழுத்தது.

"ஒன்னத்தான் அம்மாங்குது. பேத்திய நீயே பாத்துக்க" என்றார் அவர்.

கன்று எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து தாயின் முன்னங்காலுக்கு நடுவில் முட்டிப் பால் தேடியது. பிடித்துப் பின்னால் திருப்பி விட்டேன். மடியில் மூக்கு பட்டதும் பசு உதைத்தது. கன்று உருண்டு போய்ச் சாணியில் விழுந்தது.

அவர் பட்டினத்து மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். வர மதியம் ஆகுமாம். அதுவரை காத்திருக்கக் கூடாது, சீம்பால் உடனே உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் கன்று தாங்காது என்றாராம்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"நஞ்சுக்கொடி விழட்டும் அண்ணி. அதுக்கு முந்தி ஊட்ட விடக் கூடாது."

"அது எப்ப விழுறது? காது ஜில்லுன்னு கெடக்கு, தொட்டுப் பாரு."

"எங்க மாமியா வூட்டுல அப்புடித்தான்."

"ஒன் மாமியா வூட்டுல எத்தினி கன்னு பொழச்சிது?"

நாத்தனார் கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தாள். சாக்கை எடுத்து அதன் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கறந்து புட்டியில குடுத்துடுவமா?" என்றார் அவர்.

"புட்டி வேணாங்க. புட்டியில வளந்துதான் இது இப்புடி நிக்கிது."

சொல்லும்போதே பசு நாக்கை நீட்டி என் கையைத் தேடியது. சட்டென்று தோன்றியது. உள்ளே ஓடினேன். கல்லுப்பை அள்ளித் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் அப்பிக்கொண்டேன். இரண்டு பேரும் கன்றைத் தூக்கிப் பசுவின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்கள். என் கையைக் கன்றின் முதுகில் வைத்தேன்.

பசு கையை நக்கியது. கையை மெல்ல நகர்த்தினேன். நாக்கும் கூடவே வந்தது. கையை எடுத்துவிட்டேன். நாக்கு கன்றின் மேல் விழுந்தது.

நின்றது. மோந்தது. மறுபடி நக்கியது.

பிறகு அதன் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய உறுமல். அதுவரை அந்தச் சத்தம் அதனிடம் நான் கேட்டதில்லை. நக்கு நக்கென்று நக்கியது. கன்று தள்ளாடும் அளவுக்கு நக்கியது.

"தள்ளுங்க, தள்ளுங்க, பின்னால தள்ளுங்க!"

அவர் கன்றை மடிக்குத் தள்ளினார். நான் காம்பைப் பீய்ச்சி அதன் வாயில் வைத்தேன். மஞ்சளாக, பிசின் போலப் பால். துப்பியது. மறுபடி வைத்தேன். துப்பியது. மறுபடி.

பிடித்துக்கொண்டது!

வால் ஆடியது. மடியை முட்டி முட்டிக் குடித்தது. கடைவாயில் நுரை. பசு காலை அசைக்கவில்லை.

"ஊட்டுது அண்ணி, ஊட்டுது!" நாத்தனார் கையைத் தட்டினாள்.

"கத்தாத, மெரளப் போவுது" என்று அவர் அவளைவிடச் சத்தமாகக் கத்தினார்.

கன்றின் முதுகைத் தடவக் கிட்டே போனேன். பசு புஸ்ஸென்று சீறிக் கொம்பைத் திருப்பியது. இடுப்பில் லேசாக ஒரு இடி. உப்புக் கையை நீட்டினேன். அது பார்க்கவே இல்லை.

"அவ்ளோதான். ஒன் வேல முடிஞ்சிது" என்றார்.

தள்ளி நின்றேன். இடுப்பு வலித்தது. சிரிப்பு அடங்கவில்லை. கன்று அடுத்த காம்புக்குத் தானே தாவியது.