பென்சிலால் எழுதாத சீட்டு

குளத்தங்கரைச் சேற்றில் ஓடும் அந்த வண்டைக் கையில் எடுத்தால் டெட்டால் வாடை வரும். பச்சை முதுகு, மஞ்சள் விளிம்பு, முதுகெங்கும் சின்னச் சின்ன ரோமம். கிளீனியஸ் என்ற பேரினம். ஈரம் போனால் அதுவும் போய்விடும். அந்தப் பேரினத்தை உட்பிரிவுகளாகப் பிரிக்கிறவர்கள் முதுகு ரோமத்தையும் வாய்க்கு அடியிலுள்ள பல்லையும்தான் முதலில் பார்ப்பார்கள். கல்லூரியில் என்னோடு விலங்கியல் நடத்திய தோழிக்கு இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நான் அலுத்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் இரணியல், குளச்சல், மயிலாடிப் பக்கத்துக் குளங்களில் பிடித்தவற்றைக் குளத்துக்கு ஒன்றாக மூன்று சீசாக்களில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுவைத்தாள். அவற்றில் ஒரேயொரு வண்டுக்கு முதுகில் ரோமமே இல்லை, பல்லும் வேறு மாதிரி.

"இது எந்தப் பிரிவுலயும் அடங்காது மக்கா" என்றாள்.

புதுப் பிரிவாக எழுத ஆசைப்பட்டாள். எந்தக் குளத்து வண்டு என்று சொல்லாமல் யாரும் ஏற்கமாட்டார்கள். அதற்குள் புற்றுநோய் அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டது. சீசா மூடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துப் புதிதாக எழுதி உள்ளே போடும்படி என்னிடம் சொன்னாள். பென்சிலால்தான் எழுதவேண்டும், பேனா மை ஸ்பிரிட்டில் கரையும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பையில் கிடந்த பேனாவால் கிறுக்கிப் போட்டேன், பழைய சீட்டுகளைக் கிழித்தெறிந்தேன். பாழாய்ப்போன அவசரப் புத்தி. அடுத்த வாரம் பார்த்தால் மூன்று சீசாவும் நீலமாக இருந்தன. சீட்டுகளில் ஓர் எழுத்தும் இல்லை. எந்தச் சீசாவுக்கு எந்தக் குளத்தை எழுதினேன் என்று எனக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஏட்டி, சீட்டு எழுதினியா?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சு."

"பென்சில்லதானே?"

"பின்னே?"

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். எந்தக் குளம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால் நான் செய்தது தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குளங்களுக்குப் போக ஆரம்பித்தேன். குளச்சல், மயிலாடிப் பக்கத்துக் குளங்களில் சேற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டேன். ரோமம் உள்ளதுதான் கிடைக்கிறது. இரணியல் குளத்துக்குப் போனபோது, மண் அடித்து நிரப்பி, மனைக்குக் கல் நட்டிருந்தார்கள். அங்கேயே நின்று அழுதேன்.

அந்த வண்டு இரணியல் குளத்ததாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்கிறது. அது ஆதாரமாகாது. ஒரு சீட்டில் அந்தக் குளத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சீசாவுக்குள் போட இன்னும் கை வரவில்லை. அவளிடம் ஒரு பொய் சொன்னது போதும்.