பெரிதுக்குப் பதில் சிறிது

ஸ்ரீரஞ்சனி கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்துவிட்டு புனேவுக்கு வந்தவள். சாங்வியில் குடியிருப்பு, போசரியில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. ரசாயனக் கலன்களின் அழுத்தம், குளிர்நீர் அளவுகளைக் கவனித்து எச்சரிக்கை மணி அடிக்கும் புரோகிராமை ஆர் (R) என்ற கணினி மொழியில் எழுதியவள் அவள்தான்.

ஆர் மொழியில் கூட்டல், கழித்தல், பெரிது (>), சிறிது (<) எல்லாமே ஃபங்ஷன்கள், அதாவது தனித்தனி வேலையைச் செய்யும் கட்டளைகள். ஒரு குறியையே இன்னொரு ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். அதனால் எல்லாக் கலனுக்கும் ஒரே ஃபங்ஷன் போதுமென்று அவள் முடிவு செய்திருந்தாள். பெரிது குறியைக் கொடுத்தால், அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் மணி அடிக்கும். சிறிது குறியைக் கொடுத்தால், குளிர்நீர் குறைந்ததும் அடிக்கும்.

புதுக் கலனைச் சேர்த்தபோது, உடன் வேலை செய்யும் அனிருத் அதன் அழுத்தத்துக்காக, குளிர்நீருக்கான வரியைக் காப்பியடித்து அளவின் பெயரையும் எல்லை எண்ணையும் மட்டும் மாற்றினான். சிறிது குறி அப்படியே இருந்துவிட்டது. ஸ்ரீரஞ்சனி மேலோட்டமாகப் பார்த்துச் சரியென்றாள்.

மறுநாள் கலன் சூடேறத் தொடங்கியதுமே மணி அலறியது. புது மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மதியம் அழுத்தம் எல்லையைத் தாண்டியது. குறி தலைகீழாக இருந்ததால் மணி நின்றது. கோளாறு சரியாகிவிட்டதென்று ஆபரேட்டர் தத்தா கிட்டே போனார். சேஃப்டி வால்வும் இறுகிக் கிடந்தது. கலன் வெடித்தது. பறந்த இரும்பு மூடி அவருடைய வலக்கையை முழங்கையோடு அறுத்துக்கொண்டு சுவரில் மோதியது. ஆவி அவர் முகத்தை வேகவைத்தது. ஓடிவந்த ஸ்ரீரஞ்சனி அறுபட்ட கையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள். ரத்தம் அவள் கழுத்துவரை பீய்ச்சியடித்தது.

மருத்துவமனை வாசலில் தத்தாவின் அண்ணன், மணிக்குப் பொறுப்பு யாரென்று மராத்தியில் கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

கையிலிருந்த ஹெல்மெட்டால் அவள் வாயில் அடித்தார். விழுந்தவளை மறுபடியும் அடித்தார். காவலாளிகள் இழுத்துப் பிடிப்பதற்குள் முன்பல் உடைந்திருந்தது.

அவசரப்பட்டுக் கலன் அருகே போனது தத்தாவின் தவறு என்று நிர்வாகம் அறிக்கை எழுதத் தயாரானது.

"பேசாம விட்டுடு ரஞ்சனி. அந்த வரியை நான் மாத்திட்டேன், யாருக்கும் தெரியாது" என்றான் அனிருத்.

"பழைய வரி எங்கிட்ட இருக்கு. அன்னைக்கு நீ குறியை மாத்தல, நானும் பார்க்கல. ரெண்டையும் சொல்லப்போறேன்."

அவன் அவளுடைய லேப்டாப்பைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தான். பழைய வரியின் பிரதி ஆலையின் சர்வரிலும் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. விசாரணையில் அவள் அதைத் திறந்து காட்டினாள். தத்தா மீதிருந்த பழி நீங்கியது. ஸ்ரீரஞ்சனி, அனிருத் இருவருக்கும் வேலை போனது.

அடித்த தத்தாவின் அண்ணன்மீது புகார் கொடுக்கிறீர்களா என்று போலீஸ்காரர் கேட்டார். வேண்டாமென்றாள். மணிக்குப் பொறுப்பு தான்தான் என்று உடைந்த பல்லோடு சொன்னாள்.