மஞ்சள் வைத்த லென்ஸ்

கண் பரிசோதனைத் தொழிலுக்கு வந்தவர்களைப் படிப்பு லேசில் விடாது. தலை நரைத்த பிறகும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓட வேண்டும். காஞ்சிபுரத்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் எனக்கும் அதே கதிதான். இதே தொழிலில் ஓடுகிற உங்களுக்குத் தெரியாததா!

பாயின் சட்டை

சென்னையில் ஸ்க்ளீரல் லென்ஸ் வகுப்பு. குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும் அந்த லென்ஸில் உப்புத் தண்ணீர் நிரப்பி, குனிந்திருப்பவர் கண்ணில் கீழிருந்து பொருத்த வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரிலேயே கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரஃபி பாய்தான் எனக்கு ஜோடி. பாவம், மனுஷன் பொறுமையாகக் கண்ணைக் கொடுத்தார். என் கை தவறி, தண்ணீரெல்லாம் அவர் முகத்தில் கொட்டி, நிமிர்ந்ததும் கழுத்து வழியே சட்டைக்குள் போனது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என்னாமா இது, கண்ணுக்கு லென்ஸ் போடச் சொன்னா ஆளையே குளிப்பாட்டிட்டீங்களே!"

ஒரு இழை, மூன்று இழை

எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்திலிருந்து என்னிடம் வந்த தேவியும் அவள் புருஷன் முருகனும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். அவன் புடவையின் உடலை நெய்ய, இவள் நூல் சுற்றிய நாடாவைக் கரைக்குத் தள்ளுவாள். அவளுக்குக் கருவிழி கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் கோளாறு. எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒரு இழை மூன்றாகத் தெரிந்தது. கரையில் தப்பு விழ ஆரம்பித்ததும், "நீ எழுந்திரும்மா, வேற ஆள் போட்டுக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கூம்பை மூடி, மேடு பள்ளத்தைத் தண்ணீரால் நிரவிவிடும் என்பதால், வகுப்பில் கற்ற லென்ஸ் இவளுக்குச் சரியாக வரும் என்று பட்டது. ஆனால் தினமும் தானே போட்டுக் கழற்றப் பழக வேண்டும், கஷ்டம் என்றேன்.

"எவ்ளோ கஷ்டமானாலும் கத்துக்கிறேன்க்கா. தறிய விட்டு எழுந்துடுன்னு மட்டும் நீங்களும் சொல்லாதீங்க."

புதுசுக்கு மரியாதை

லென்ஸ் வந்தது. பழக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் இருவரும் வந்து நின்றார்கள். டப்பியைத் திறந்தால், ஐயோ, இரண்டு லென்ஸின் ஓரத்திலும் மஞ்சள்! புதுப் புடவை முந்தானையில் வைப்போமே, அதே மாதிரி முருகன் பக்தியாக வைத்திருக்கிறான். நல்ல வேளை, தேவி அதைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்பா, கண்ணுக்குள்ள போற சாமான்! புண்ணாயிட்டா என்னா பண்ணுவ?" என்று கத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மொத மொதல்ல போடப் போறாளே மேடம்... அவளுக்கு நல்லா தெரியணும்னுதான்."

அனுமதி

வேறு லென்ஸ் வரவழைத்தேன். இந்த முறை என் எதிரிலேயே குனிந்து, தேவி தானே போட்டுக்கொண்டாள். குமிழி இல்லை. முருகன் பையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து அவள் எதிரே பிடித்தான்.

"எத்தினி தெரியுது?"

"ஒண்ணு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். உதடு துடிக்க என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதப் போட்டுக்கினு அழலாமா?"

தாராளமாக அழலாம் என்று சொல்லிவிட்டு நானும் கூடச் சேர்ந்து அழுதேன். பேஷண்ட் எதிரில் நாம் அழக்கூடாது என்று ஏதாவது விதி இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.