ரங்கூன்காரனை ஊர் கேட்ட கேள்வி

முதல் அடி இடது தோளில் விழுந்தது. பித்தளைப் பூண் போட்ட மூங்கில் தடி. பிடித்திருந்தவர் என் பெரியப்பா. அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊரே கூடியிருக்க, நான் வாய் திறப்பதற்கு முன்பே அடித்தார். "இவன் என் தம்பி மவனே இல்ல. சோத்துக்கு வந்த பர்மாக்காரன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். இன்றைக்கு ஆவடி ரோட்டில் என் பெயரில் அரிசி மில் ஓடுகிறது, லாரிகள் ஓடுகின்றன, பட்டம் வாங்கினவன் என் முன்னால் கை கட்டி நிற்கிறான். இவ்வளவுக்கும் ஆரம்பம் அந்தத் தடியடி என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வாங்கினவனுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது நடந்தே கிளம்பினவர்கள் நாங்கள். மலைப்பாதையில் பேதி கண்டு அப்பா செத்துப்போனார். அம்மாவும் நானும் ஆவடிக்கு மேற்கே அவர் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். மீசை முளைத்த ஆள் நான், அந்த ஊரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒண்டினோம். எங்கள் ஊரில் ஆடிக்கூழ் ஊற்றுவதற்கு முன் குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரி வாங்குவார்கள். கூப்பிடப்படுகிற குடும்பத்துக்குப் பேர் தலைக்கட்டு. தலைக்கட்டு இல்லாதவனுக்குக் குடிசை போட இடமில்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, செத்தால் சுடுகாடும் இல்லை. வெளியிலிருந்து வந்து உரிமை கேட்கிறவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது வழக்கம். கேட்கும் உரிமை அவனுடைய பங்காளிக்கு. எனக்கிருந்த ஒரே பங்காளி பெரியப்பா. அப்பாவின் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டிருந்தவர் அவர். அம்மாவுக்கு அப்போதே ராப்பகலாக இருமல். "என்னைப் பொறம்போக்குல போட்டுறாதடா" என்பாள்.

அத்தை மகன், எனக்கு மச்சான், என்னைத் தயார் பண்ண ஆரம்பித்தான். ஏரிக்கரையில் நிறுத்தி, கையில் புளியமிளாறு வைத்துக்கொண்டு கேட்பான். எல்லைக்கல் எங்கே, எந்த மதகுத் தண்ணீர் யார் வயலுக்குப் பாயும், சாமி ஊர்வலம் எந்தத் தெருவில் முதலில் திரும்பும். தப்பாகச் சொன்னால் கெண்டைக்காலில் சுளீர் என்று விழும். "இன்னா ரங்கூன் ராஜா, காப்பு யாருக்கு மொதல்ல கட்டுவாங்க?" "தெரில மச்சான்." "அப்ப வாங்கிக்கோ." ஒருநாள் பொறுக்க முடியாமல் மிளாற்றைப் பிடுங்கி நானும் அவனை வெளுத்தேன். இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டோம். எழுந்து மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அடி நல்லாத்தான் கீது, பதில்தான் வரமாட்டேங்குது உனுக்கு" என்று சிரித்தான். ஆனால் எனக்கு வந்தது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறக்காத மண்டை இது.

அன்றைக்குத் தோளில் வாங்கின அடியோடு நிமிர்ந்து நின்றேன். நாட்டாமை பெரியப்பாவை அதட்டினார்: "அடிக்கிறது அப்பாலே. கேளுய்யா மொதல்ல." பெரியப்பா கேட்டார். எல்லை கேட்டார், சொன்னேன். மதகு கேட்டார், சொன்னேன். காப்பு, ஊர்வலம், கூழ் வார்க்கும் முறை எல்லாவற்றுக்கும் பதில் சடசடவென்று வந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "யோவ், இவன் உன்னைவிட நம்மூர்க்காரனா கீறான்யா" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பெரியப்பாவை நிதானம் இழக்க வைத்தது. பிள்ளையிடம் எந்த அப்பனும் சொல்லியிருக்க மாட்டான் என்று நம்பின ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"உங்கப்பன் இன்னாத்துக்குடா ஊரை வுட்டு ஓடினான்? சொல்லு பாப்போம்!"

அம்மன் நகையைத் திருடிக்கொண்டு ஓடினான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கட்டிவிட்டவரும் அவர்தான். திருடன் மகன் என்று நானே சொன்னால் தலைக்கட்டு இல்லை, வேறு ஏதும் சொன்னால் பொய்யன். மச்சான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் சொல்லித்தராத கேள்வி அது.

அப்பாவுக்கு ஒரு காதில் பாதி கிடையாது. நாய் கடித்தது என்றுதான் ரங்கூனில் எல்லோரிடமும் சொல்வார். சாகப்போகிற அன்று, மலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு வேறொன்று சொன்னார். அதைத்தான் இப்போது சபையில் சொன்னேன்.

"நடு மதகுல தண்ணி மொறைக்குச் சண்டை. எங்கப்பா காதை அறுத்துட்டாங்க. அறுத்தவன் பேரைச் சொன்னா ஜெயிலுக்குப் பூடுவான்னு, சொல்லாம கப்பலேறினாரு. அறுவா யார் கையில இருந்திச்சுன்னு சொல்லட்டுமா, பெரியப்பா?"

அந்த முறை வைத்து அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தடி என் மண்டையில் இறங்கியது. மண் வாயில் ஒட்ட விழுந்தேன். வயிற்றில் உதைத்தார். காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்து, அவர் முழங்கையைக் கடித்தேன். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. நெற்றி ரத்தம் கண்ணை மறைக்க எழுந்து நின்று, மறுபடி வாயைத் திறந்தேன்.

"வேணாம்" என்றார் பெரியப்பா. மூச்சு வாங்கியது. "இவன் என் தம்பி மவன்தான். தலைக்கட்டுல சேத்துக்கோங்க."

 நாட்டாமை தலையாட்டினார். என் பேரைக் கூப்பிட்டார்கள், பம்பை அடித்தார்கள். புதுத் தலைக்கட்டுக்குப் பங்காளிதான் தலைப்பாகை கட்ட வேண்டும். பெரியப்பா தன் துண்டை எடுத்து என் தலையைச் சுற்றிக் கட்டினார்.  வெள்ளைத் துண்டு சிவந்துகொண்டே வந்தது.

"வலிக்குதாடா?" என்று என் காதருகே கேட்டார்.

"எங்கப்பாவுக்கு வலிச்ச அளவுக்கு இல்ல."

அந்தத் தை மாதம் அம்மா போனாள். ஊர்ச் சுடுகாட்டில்தான் கொள்ளி வைத்தேன். பெரியப்பா பாடைக்குத் தோள் கொடுத்தார், அப்பாவின் பங்கு நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்; அந்த நெல்லில்தான் என் மில் முளைத்தது. அவர் பேரை நானும் சபையில் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது நாட்டாமை இடத்தில் உட்கார்ந்திருப்பது நான். எங்கெங்கிருந்தோ மனை வாங்கி வருகிறவர்கள் தலைக்கட்டு கேட்டு என் முன்னால் நிற்கிறார்கள். எதற்காகச் சொந்த ஊரை விட்டு வந்தாய் என்று அவர்களில் ஒருவரையும் நான் கேட்டதில்லை.