வேலாயுதம் பதம் சொல்லாத நாள்

வேலாயுதம் இறந்துவிட்டார் என்று டயகமவிலிருந்து வந்த லொறிக்காரர் சொன்னபோது, நான் றொசல்ல ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு அடக்கங்க ஐயா. வாறீங்களா?" என்றார். வருகிறேன் என்றேன். எந்த முகத்தோடு போவது என்று உள்ளுக்குள் கூசியது.

நான் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் உதவி டீமேக்கராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அங்கே மேசைக்காரராக இருந்த வேலாயுதத்துக்கு நாற்பதுக்கு மேல். உருளையில் நசுக்கிய கொழுந்தை மேசையில் பரப்பி வைத்தால், அது செம்பு நிறமாகி ஒரு வாசம் எழும். அந்தப் பதத்தில் அடுப்புக்குப் போகவேண்டும், பிந்தினால் கெட்டது. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். வேலாயுதம் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். "கடிகாரத்துக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாதுங்க ஐயா" என்பார்.

ஒருநாள் காலை, எல்லோரும் நிற்கும்போது, "பதம் வந்திருச்சுங்க, அனுப்பிருவோம்" என்றார். கடிகாரப்படி இன்னும் நேரம் இருந்தது. புதிதாக வந்தவனுக்கு அதிகாரம் காட்டும் அரிப்பு. "யோவ், இங்க டீமேக்கர் நீயா, நானா? ஒன் மூக்கு பொடி போடத்தான் லாயக்கு. ஒனக்கு வாசமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது" என்றேன். இஸ்டோரே சிரித்தது. அன்று அங்கே இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நீங்கள் சிரித்தீர்கள், சிரிக்க வைத்தவன் நான். அவர், "சரிங்க" என்றார்.

அது எனக்குப் பிடித்துப்போனது. அவர் பக்கத்தில் வந்தாலே, "பொடி டப்பா வருது" என்பேன். எல்லோரோடும் நின்று தேத்தண்ணீர் குடிப்பவர், அடுப்புக்குப் பின்னால் போய்த் தனியே குடிக்கத் தொடங்கினார். எதைக் கேட்டாலும் "சரிங்க"தான். அடுப்புக்காரரும் சூடு கூடினால் சொல்வதை நிறுத்தினார். இஸ்டோர் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

பிறகு ஒரு மாசி மாதம். மழையே இல்லை, காற்று அனலாக அடித்தது. அந்தச் சூட்டில் கொழுந்து சீக்கிரமே பதம் தாண்டிவிட்டது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலாயுதம் மேசையருகே வந்தார், குனிந்தார், என்னை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். அன்றைய தேயிலை முழுவதும் புளித்தது. தோட்டத்தை நடத்தும் துரை ஒரு வாய் சுவைத்துத் துப்பினார். யார் பொறுப்பு என்று கேட்டார்.

"பதம் பார்க்கிறது வேலாயுதந்தாங்க. எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

சொல்லவிடாமல் அடித்தவன் நான். சொல்லவில்லை என்று காட்டிக்கொடுத்தவனும் நான். அவர் பக்கத்தில்தான் நின்றார். மறுநாளிலிருந்து அவருக்குக் கவ்வாத்து வேலை. கத்தியோடு மலைக்குப் போய்த் தேயிலைச் செடி வெட்டவேண்டும். போகுமுன் வாசலில் வைத்து, "ஒங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "தெரிஞ்சுதுங்க. திரும்பச் சிரிப்பாங்களேன்னு இருந்துட்டேன்" என்றார். அதன்பிறகு நான் றொசல்லவுக்கு மாறி வந்தேன். ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு, "வாங்கய்யா" என்றார். என்னைப் பற்றி வேலாயுதம் வீட்டில் ஒன்றுமே சொன்னதில்லை போலும். அழுகைக்கிடையே பழையதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முந்தியெல்லாம் சோறு அடிபிடிச்சா வாசல்ல இருந்தே சத்தம் போடுவாருங்க. இஸ்டோர விட்டு வந்த பொறகு, கருகிக் கெடந்தாலும் சொல்லமாட்டாரு. ஏன்னு கேட்டா, 'எனக்கு வாசந் தெரியாது புள்ள'ம்பாரு. அப்புடி என்ன சீக்குங்கய்யா அது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் தெரிய இங்கே எழுதுகிறேன்.

இப்போது என் இஸ்டோரில் கடிகாரத்தைப் பார்க்குமுன் மேசைக்காரரிடம் கேட்கிறேன். அவர், "சரிங்க" என்று மட்டும் சொன்னால், ஒரு பிடி அள்ளி அவரிடம் நீட்டி மறுபடியும் கேட்கிறேன். வேலாயுதம் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்.