டீச்சர் வேண்டும் என்று டீச்சர் எழுதிய மனு

செந்தமிழ்ச்செல்வியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எல்லாம் அதனால் வந்த வினைதான்.

கச்சிராயபாளையத்தில் காலை ஆறரை பஸ் பிடித்து, வெள்ளிமலையில் இறங்கி, யாருடைய டூவீலரிலாவது தொற்றிக்கொண்டு, கல்வராயன் மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மூன்று வருடமாகப் போய்வந்தாள். தற்காலிக ஆசிரியை. 'நிரந்தர ஆசிரியர் வரும் வரை' என்பது உத்தரவிலேயே இருந்தது. தகுதித் தேர்வில் தேறிப் பதினோரு வருடம். சான்றிதழுக்குப் போட்ட லேமினேஷனே பழுத்துவிட்டது.

ஐந்து வகுப்பு, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். தலைமையாசிரியர் பிச்சைமுத்து பாதி நாள் கீழே கூட்டத்தில் இருப்பார். மீதி நாள், புள்ளிவிவரம் ஏற்ற சிக்னல் தேடிப் பாறைமேல் இருப்பார். ஆக, பள்ளிக்கூடம் என்பது செந்தமிழ்ச்செல்விதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊராருக்கு ரேஷன் மனு, பென்ஷன் மனு எழுதித் தருவதும் அவள்தான்.

ஒருநாள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி காசியம்மாள் வந்தாள்.

"நிரந்தரமா ஒரு வாத்தியார் வேணும்னு எழுதிக் குடு டீச்சர். நீ ஒண்டியா எம்மா நாளைக்குக் கத்திக்கினு இருப்ப?"

நிரந்தரம் வந்தால் தன் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருடமாக மனு போகிறது, எவரும் வந்ததில்லை என்றும் தெரியும். ஒன்றும் நடக்காது என்று அரசாங்கத்தை மனதார நம்பி, இரண்டு பக்கம் எழுதினாள்.

அரசாங்கம் நம்பிக்கைத் துரோகம் செய்தது. மனுவை ஏற்றுக்கொண்டது.

ஜூலையில் சுபாஷ் என்ற இளைஞர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து கையெழுத்துப் போட்டார். எட்டாம் நாள், கீழே கள்ளக்குறிச்சிக் கல்வி அலுவலகத்தில் கிளார்க் இல்லையென்று அவரை மாற்றுப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். பெயர் மலையில், ஆள் தரையில். இடம் நிரம்பிவிட்டதால் செந்தமிழ்ச்செல்வியின் உத்தரவு காலாவதி.

"இன்னா பண்றதும்மா, கம்ப்யூட்டர்ல காலியிடம் பூஜ்யம்னு காட்டுது" என்றார் பிச்சைமுத்து.

"கிளாஸ்ல வாத்தியார் எத்தினி பேர்னு காட்டுது சார்?"

"அத அது கேக்கவே இல்லம்மா."

காசியம்மாள் விடவில்லை. வந்த வாத்தியாரை வரச் சொல்லி இன்னொரு மனு. அதையும் செந்தமிழ்ச்செல்வியே எழுத, இருவரும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்தார்.

"எழுத்து பிரமாதம்மா" என்றவர், பதில் அடிக்கச் சொல்லி உள்ளே அனுப்பினார்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சுபாஷ். எழுந்து நின்றுவிட்டார்.

"நான் மேல வரேன்னுதாங்க்கா சொல்லிக்கினே இருக்கேன். நீ போயிட்டா இங்க யார்ரா டைப் அடிப்பான்றாங்க."

"உக்காருங்க தம்பி. அடிங்க" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அடித்தார். 'மேற்படி பள்ளியில் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.' நிரப்பியவரே பிரிண்ட் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் காசியம்மாள் டீ வாங்கித் தந்தாள்.

"சென்னைக்கே ஒண்ணு எழுதிடலாமா டீச்சர்?"

"வாணாங்க்கா. எழுதனா நடந்துடுது."

காசியம்மாளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "உத்தரவு இல்லன்னாலும் நாளைக்கு வருவ இல்ல?"

"திங்கக்கெழம சங்கராபுரத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வரச் சொல்லிக்கீறாங்க."

"அப்ப நம்ம புள்ளைங்க?"

செந்தமிழ்ச்செல்வி பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தாள். ஐம்பத்தெட்டுப் பெயர்களும் அதே முத்து எழுத்தில். இலக்கியா கழித்தலில் கடன் வாங்க மறந்துவிடுவாள். சடையன் பேச மாட்டான், ஆனால் எல்லாம் தெரியும், கரும்பலகைக்குக் கூப்பிடவும். ஜீவாவுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை, முன்னால் உட்கார வைக்கவும்.

"யார் வந்தாலும் இதக் குடுத்துடுங்க."

"யாருன்னு குடுக்கறது?"

வெள்ளிமலை பஸ் உறுமியது. காசியம்மாள் தாள்களை அந்தப் பதில் கடிதத்தோடு சேர்த்து மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.