கொக்கன்ர பெட்டை

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் வேலை செய்யும் கடைக்கு வந்த புது மனேஜரின் சட்டையில் ‘ஹெரன்’ என்று குடும்பப் பெயர். கொக்கு என்று அர்த்தமாம். “எங்கள் முப்பாட்டனுக்கு நெட்டைக் கால்” என்று பெருமையாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மன்னாரில் அப்பா இறால் பிடிக்கச் சேற்றுத்தண்ணீரில் அசையாமல் நிற்பார். குச்சிக் கால்கள். ஊர் அவருக்கு வைத்த பட்டம் கொக்கன். நான் பூசைக்குப் போனாலும், “கொக்கன்ர பெட்டை வாறாள்” என்பார்கள். அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்கள், “இது கொக்கன் வீடெல்லே? எங்களுக்குச் சரிவராது” என்று வாசல் படலையிலேயே திரும்பினார்கள். அப்பா தலைகுனிந்து வலையில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“உங்கள் குடும்பப் பெயர் என்ன?” என்றார் மனேஜர்.

“சவிரிமுத்து. அப்பாவின் பெயர். ஊரில் ஒருவரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. இங்கே நீங்கள் எல்லாரும் சொல்லித்தான் ஆகவேண்டும்.”